கண் கூசும் கேமராக்கள்

சென்னையின் கண்காணிப்புக் கேமராக்களைப் பற்றிய பேச்சு எப்போதும் எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையிலேயே முடிந்துவிடுகிறது. 2017 முதல் 2020 வரை மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஏ.கே. விஸ்வநாதன் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் முன்னெடுத்த திட்டத்தின் இலக்கு, 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது. வணிகர்களும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் செலவில் கேமரா பொருத்த முன்வந்தார்கள். அதன் பிறகு பரவலாக மேற்கோள் காட்டப்பட்ட சர்ஃப்ஷார்க் நிறுவனத்தின் ஒப்பீட்டில், சதுர கிலோமீட்டருக்கு 657 கேமராக்களுடன் உலகப் பெருநகரங்களில் சென்னை முதலிடம் பெற்றது.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் எண்களிடம் எனக்குப் பகையில்லை. ஆனால், எளிதில் எண்ணக்கூடியதை மட்டும் எண்ணிவிட்டு, அளப்பதற்குச் சற்றே கடினமானதை இல்லாததாகவே கருதிவிடும் வழக்கம் நம் கொள்முதல்களில் வேரூன்றியிருக்கிறது. கேமராக்களைப் பொறுத்தவரை அப்படி விடுபட்டுப்போன அளவு ஒன்று உண்டு. ஒரே படத்தில் எவ்வளவு இருட்டையும் எவ்வளவு வெளிச்சத்தையும் ஒருசேரப் பிடிக்க முடியும் என்பதே அது. அதை ஒளி வீச்சு என்று சொல்லலாம். நிகழ்வுக்குப் பிறகு பதிவைத் திறந்து பார்க்கும்போது, திரையில் தெரிவது முகமா அல்லது முகத்தின் வடிவில் ஒரு கரிய நிழலா என்பதைப் பெரும்பாலும் அதுதான் தீர்மானிக்கிறது.

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுர வாயிலை முற்பகல் வேளையில் உள்ளிருந்து பாருங்கள். வெளியே வெயிலில் நிற்கும் ஆட்டோவின் மஞ்சள் நிறமும், வாயிலின் நிழலில் நுழைந்து வருபவரின் முகமும் நமக்கு ஒருசேரத் தெரியும். கேமராவுக்கு இது எளிதன்று. உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். கருங்கல் கூரையின் அடியில் அது 100 லக்ஸ் என்று வைத்துக்கொள்வோம். இதுவே 1,000 மடங்கு வேறுபாடு. வெளியே நிற்பவரின் வெள்ளை வேட்டி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே நிற்பவரின் கருந்தலைமுடி அதில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. இரண்டையும் பெருக்கினால் 20,000 மடங்கு வந்துவிடுகிறது. சாதாரணக் கேமராவால் இந்தத் தூரத்தைத் தாண்ட முடியாது. வேட்டியைக் காட்டினால் முகம் இருண்டுபோகும். முகத்தைக் காட்டினால் தெரு முழுவதும் வெளுத்துப்போகும்.

தியாகராய நகரில் இதே சிக்கல் வேறு வேடங்களில் வருகிறது. துணிக்கடையின் உள்ளிருந்து வாசலை நோக்கும் கேமராவுக்குப் பகலில் தொல்லை, எல்.இ.டி. பெயர்ப்பலகையின் கீழ் இருண்ட சந்தைப் பார்க்கும் கேமராவுக்கு இரவில் தொல்லை. உஸ்மான் சாலையில் எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு, அதன் எண் பலகையை விழுங்கிவிடுகிறது.

இதன் காரணம் பிக்சலுக்குள் இருக்கிறது. கேமராவின் பட உணரியில் உள்ள ஒவ்வொரு பிக்சலையும் ஒரு குடமாக எண்ணிக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரிக்காக வரிசையில் வைக்கப்பட்ட குடங்களைப் பார்த்து வளர்ந்த நகரத்துக்கு இந்த உவமை அந்நியமன்று. ஒளி விழும்போது பிக்சலில் எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு எவ்வளவு சேர்ந்தது என்று அளந்துவிட்டுக் குடத்தைக் கவிழ்க்கிறார்கள். ஒரு குடம் சுமார் 10,000 எலெக்ட்ரான்கள் கொள்ளும் என்றால், அதற்கு மேல் வருவதெல்லாம் வழிந்தோடிவிடும். 10,000-க்கும் 10 லட்சத்துக்கும் வேறுபாடு தெரியாது. மறுமுனையில், அளக்கும் சுற்றே இரண்டு எலெக்ட்ரான் அளவுக்குத் தடுமாறும். அதற்குக் கீழே உள்ளது இருட்டோடு இருட்டாகக் கலந்துவிடும். 10,000-ஐ 2-ஆல் வகுத்தால் 5,000. இதுதான் அந்தப் பிக்சலின் ஒளி வீச்சு. தொழிலில் இதை டெசிபல் கணக்கில் சொல்கிறார்கள்: 1,000 மடங்கு என்றால் 60 டெசிபல், 10,000 என்றால் 80, பத்து லட்சம் என்றால் 120. நம் குடத்துக்கு 74 வருகிறது. கோபுர வாயில் கேட்பதோ 86.

இன்னொரு தடுமாற்றமும் உண்டு. ஒளி, மழைத்துளிபோலத் தனித்தனித் துகள்களாக விழுவதால், சராசரியாக எத்தனை விழுகிறதோ அதன் வர்க்கமூலம் அளவுக்கு எண்ணிக்கை முன்பின் ஆகும். புள்ளியியல் படித்தவர்களுக்கு இது பழகிய விதி. 10,000 சேர்ந்தால் தடுமாற்றம் 100, அதாவது 1 சதவீதம். 100 மட்டுமே சேர்ந்தால் தடுமாற்றம் 10, அதாவது 10 சதவீதம். ஆகவே, குறைவாகச் சேர்த்த பிக்சல் எதையோ காட்டினாலும் அதைப் பொடிப்பொடியாக, மணல் தூவியதுபோலக் காட்டும். பிக்சல் வடிவமைப்புகளை ஒப்பிடும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

குடம் வழிந்துவிடாமல் காப்பதற்குப் பல வழிகள் கண்டிருக்கிறார்கள். ஒரு வழி, குடத்தின் விளிம்பைத் தொடக்கத்தில் தாழ்த்தி வைத்துக் கடைசி நேரத்தில் உயர்த்துவது. பிரகாசமான இடத்துப் பிக்சல் தாழ்ந்த விளிம்பின்மேல் வழிந்துகொண்டே இருக்கும். விளிம்பு உயர்ந்த பிறகு சேரும் சிறிதளவைக் கொண்டு அதன் உண்மையான வேகத்தை ஊகிக்கலாம். வீச்சு கூடிவிடுகிறது, ஆனால், அதுவரை வழிந்தது அத்தனையும் வீண். குறைவாகச் சேர்த்ததால் தடுமாற்றமும் மிகுகிறது. மற்றொரு வழி, ஒரே நிரப்பலின்போது இடையிடையே எட்டிப் பார்த்து அளந்துகொள்வது. வழிந்துபோவதற்கு முன் கடைசியாக எடுத்த அளவை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

1999-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் யாங், அப்பாஸ் எல் கமால் ஆகிய இருவரும் இவ்விரு வழிகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார்கள். வீச்சு கூடிய கேமரா எப்போதும் சிறந்த படம் தரும் என்ற நம்பிக்கை தவறு என்பதே அவர்கள் கண்டது. விளிம்பைத் தாழ்த்தும் வழியில் வீச்சு கூடும்போது படத்தின் தெளிவு கணிசமாகக் கெடுகிறது. பல முறை அளக்கும் வழியில் அப்படிக் கெடுவதில்லை. கேமராப் பெட்டியில் அச்சிடப்படும் ஒற்றை டெசிபல் எண்ணை நம்பி வாங்குவோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய முடிவு இது.

சேர்ப்பதையே விட்டுவிட்டு, குழாயில் ஓடும் நீரின் வேகத்தை மட்டும் அளப்பதுபோன்ற மடக்கைப் பிக்சல்களும் உண்டு. வீச்சு மிகப் பெரியது. ஆயினும் பிக்சலுக்குப் பிக்சல் வேறுபாடும் மங்கலில் சோர்வும் அவற்றைத் தெருக் கண்காணிப்புக்கு ஏற்றதாக விடவில்லை.

சந்தையில் நாம் பெரும்பாலும் வாங்குவது வேறொன்று. ஒரு முறை நீண்ட நேரம் நிரப்பி அளந்து, கவிழ்த்து, மறுமுறை குறுகிய நேரம் நிரப்பி அளந்து, இரண்டு படங்களையும் ஒட்டுவார்கள். குறுகிய நேரம் நீண்டதில் பதினாறில் ஒரு பங்கு என்றால், வீச்சு 24 டெசிபல் கூடி 98 ஆகிறது. கோபுர வாயிலுக்கு இது போதும். ஆனால், விலை இல்லாமல் எதுவும் கிடைப்பதில்லை என்பது பொருளாதாரத்தின் பாலபாடம். முதல் விலை: குடம் நிரம்பும் கட்டத்தில் 10,000 எலெக்ட்ரான்கள், அதற்கு ஒரு படி பிரகாசமான அடுத்த புள்ளிக்குக் குறுகிய நேரத்துப் படத்திலிருந்து கிடைப்பதோ வெறும் 625. தெளிவு நூற்றுக்கு ஒன்று என்பதிலிருந்து இருபத்தைந்துக்கு ஒன்றாகச் சட்டென்று விழுகிறது. அந்தச் சரிவு எங்கே விழும் என்பது காட்சியைப் பொறுத்தது. ஒருவரின் கன்னத்திலும் விழலாம். இரண்டாவது விலை: இரண்டு படங்களும் ஒரே கணத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ரங்கநாதன் தெருவின் நெரிசலில் இடையில் நகர்ந்துவிட்ட தலைக்கு இரட்டை விளிம்பு வந்துவிடும். மூன்றாவது விலை: எல்.இ.டி. விளக்குகள் பல நொடிக்குப் பலமுறை அணைந்து எரிபவை. குறுகிய நேரம் அணைந்திருக்கும் கணத்தில் மாட்டிக்கொண்டால், எரிகிற விளக்கு அணைந்ததாகவே பதிவாகும். சிக்னலில் சிவப்பு எரிந்ததா என்ற வழக்கில் இது சிறிய விஷயமன்று.

கார்களில் பொருத்தும் கேமராக்களைச் செய்வோர் இந்த மூன்றாவது விலையைத் தர மறுத்தார்கள். அவர்கள் ஒரே பிக்சலில் பெரிய குடம் ஒன்றும் சிறிய வாயுள்ள குடம் ஒன்றும் பக்கத்தில் வைத்தார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் நிரம்புகின்றன. சிறிய வாய் கொஞ்சமாகவே வாங்குவதால் நீண்ட நேரம் வழியாது. இரட்டை விளிம்பு இல்லை, விளக்கு தவறுவதும் இல்லை. ஆனால், சிறிய குடம் பிடித்துக்கொண்ட இடம் பெரிய குடத்திலிருந்து பறிக்கப்பட்டது. இருட்டில் அதன் இழப்பு தெரியும். ஒரே நீரைச் சிறு குவளையாலும் பெரிய குவளையாலும் இருமுறை அளக்கும் ஏற்பாடும் உண்டு. இருட்டில் நுணுக்கம், வெளிச்சத்தில் கொள்ளளவு என இரண்டும் கிடைக்கும். எனினும், அதுவும் குடத்தின் அளவுக்கு உட்பட்டதே.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஷிகெதோஷி சுகாவாவின் குழு 2005-இல் வெளியிட்ட வடிவமைப்பு. குடம் வழியட்டும், வழிவதைப் பிடிக்கப் பக்கத்தில் ஓர் அண்டாவை வைப்போம் என்பதுதான் அதன் சாரம். பிக்சலுக்குள்ளேயே ஒரு கூடுதல் மின்தேக்கி இருக்கும். நிரம்பி வழியும் எலெக்ட்ரான்கள் அதில் சேரும். பிறகு இரண்டையும் அளந்து கூட்டிக்கொள்ளலாம். எதுவும் வீணாவதில்லை, ஒரே நேரத்தில் ஒரே படம். தொடக்கத்திலேயே 100 டெசிபலை எட்டிய வழி இது. இங்கும் விலை உண்டு: அண்டா இடத்தை அடைக்கிறது, அதை அளக்கும்போது தடுமாற்றம் கூடுகிறது, வெப்பத்தில் அது கசியவும் செய்யும்.

வெப்பம் என்பதைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். பட உணரியில் ஒளியே விழாதபோதும், வெப்பத்தால் மட்டுமே எலெக்ட்ரான்கள் ஊறிக்கொண்டிருக்கும். ஏறத்தாழ ஒவ்வொரு 6 முதல் 8 டிகிரிக்கும் இந்த ஊற்று இரட்டிக்கிறது. ஆய்வகத்தில் 25 டிகிரியில் அளந்த கேமராவைக் கத்திரி வெயிலில், பனகல் பூங்கா அருகே ஒரு கம்பத்தின் உலோகப் பெட்டிக்குள் அடைக்கிறோம். உள்ளே 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஊற்று இருபது மடங்குக்கு மேல் பெருகும். பெட்டியில் அச்சிட்ட எண், குளிரூட்டப்பட்ட அறையின் எண். சென்னையின் மே மாதத்துக்கு அது பொருந்த வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை.

இத்தனை வேறுபாடுகளும் கடையின் மேசைக்கு வரும்போது மூன்று எழுத்துகளாகச் சுருங்கிவிடுகின்றன: 'டபிள்யூ.டி.ஆர்.' அதற்கு முன்னால் 'டிஜிட்டல்' என்ற சொல்லோ 'டி' என்ற ஓரெழுத்தோ ஒட்டியிருந்தால் பொருளே மாறிவிடும். பிக்சலில் எந்த ஏற்பாடும் இல்லை. எடுத்த படத்தின் இருண்ட பகுதியை மென்பொருள் வெளுப்பாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வழிந்துபோன நீரை எந்த மென்பொருளும் குடத்துக்குத் திருப்பாது. இருட்டை வெளுப்பாக்கினால் மணல்தான் கூடுதலாகத் தெரியும்.

1970-இல் ஜார்ஜ் ஏகர்லாஃப் பழைய கார்ச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரை பொருளாதார மாணவர்கள் அனைவரும் அறிந்தது. 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்கக் காரணமான ஆய்வும் அதுவே. தரத்தை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார் என்ற நிலையில், நல்ல சரக்குக்கு உரிய விலை கிடைக்காது. நாளடைவில் நல்ல சரக்கே சந்தையை விட்டு விலகும் என்றார் அவர். கேமராச் சந்தை அதற்குக் கச்சிதமான எடுத்துக்காட்டு. வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவது மெகாபிக்சல் மட்டுமே. ஆகவே விற்பவர் அதைக் கூட்டுகிறார். ஒரே அளவுச் சில்லில் 2 மெகாபிக்சலுக்குப் பதில் 8 மெகாபிக்சல் அடைத்தால், ஒவ்வொரு பிக்சலின் பரப்பும் நாலில் ஒன்றாகிறது. குடம் சிறுக்கிறது, ஒளி வீச்சு குறைகிறது. எண்ணைக் கூட்டிய அதே செயல் படத்தைக் கெடுக்கவும் கூடும்.

அடையாற்றில் நான் வசிக்கும் அடுக்ககத்தில் சென்ற ஆண்டு கேமராக்களை மாற்ற முடிவு செய்தபோது, செயலாளர் மூன்று விலைப்புள்ளிகளைக் கொண்டுவந்து, "சார், நீங்க ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்றார். மூன்றிலும் மெகாபிக்சல் இருந்தது, எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பது இருந்தது, இரவில் எத்தனை மீட்டர் தெரியும் என்பதும் இருந்தது. ஒளி வீச்சு என்ற இடத்தில் இரண்டில் வெறும் மூன்று எழுத்துகள். ஒன்றில் மட்டும் 120 டெசிபல். மூவரையுமே ஒரு மாதிரிக் கேமராவுடன் காலை எட்டரை மணிக்கு வரச் சொன்னோம். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தள வண்டி நிறுத்துமிடம் பகலிலும் இருட்டு. வாயில் கிழக்கே திறப்பது. வாயிற்படியில் வெளிச்சத்துக்கு முதுகு காட்டிக் காவலாளியை நிறுத்தி, கையில் ஒரு நாளிதழைப் பிடிக்கச் சொன்னோம். பிறகு அவரை விரைந்து நடக்கச் சொன்னோம். நிற்கும்போது இரண்டு கேமராக்களில் முகம் தெரிந்தது. நடக்கும்போது ஒன்றில் மட்டுமே தெரிந்தது. அது 120 என்று எழுதியிருந்த கேமரா அன்று. அதில் நடப்பவரின் தோளைச் சுற்றி ஒரு பேய்நிழல் கூடவே நடந்தது. முகத்தைக் காட்டிய கேமராவின் கடைக்காரர், தம் சரக்கின் டெசிபல் அளவைக் கேட்டதற்கு, அதைத் தாமே அறிந்திருக்கவில்லை என்றார். ஏகர்லாஃப்கூட விற்பவராவது அறிவார் என்றுதான் எடுத்துக்கொண்டார்.

ஓர் அடுக்ககம் இப்படிச் சோதித்து வாங்கலாம். அரசு வாங்கும்போது நிலைமை வேறு. ஒப்பந்தப்புள்ளியில் எழுதாத தரத்தை யாரும் வழங்கமாட்டார்கள். குறைந்த விலை சொன்னவருக்கே பணி என்ற விதியில், நல்ல பிக்சலுக்குச் செலவிட்டவர் தோற்றுப்போவார். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் கண்காணிப்புக் கேமராக்கள் மத்திய அரசின் தேவைகளுக்கேற்பச் சோதிக்கப்பட்டே விற்கப்பட வேண்டும் என்பது நல்ல தொடக்கம். ஆனால், அது கேமராவுக்குள் அந்நியர் ஊடுருவாமல் காக்கும் பாதுகாப்பைப் பற்றியது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியமும் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது. பதிவு திருத்தப்படவில்லை என்பதை அதைக் கொண்டு நிறுவலாம்; அதில் முகம் பதிவானதா என்பதை நிறுவ முடியாது. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்கள் அனைத்திலும் இருளிலும் பார்க்கும் திறனும் ஒலிப்பதிவும் கொண்ட கேமராக்கள் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. காவல் நிலையத்தின் நுழைவாயிலும் வெளிச்சத்தை முதுகில் சுமந்த வாயில்தான். அழைத்துவரப்படும் ஒருவர் எந்த நிலையில் உள்ளே வந்தார், எந்த நிலையில் வெளியே போனார் என்பதைச் சொல்ல வேண்டிய படம் அது.

யாருடைய முகம் முதலில் இருளில் கரைகிறது என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. பின்னணி வெளிச்சத்துக்கு ஏற்பக் கேமரா தன்னைச் சுருக்கிக்கொள்ளும்போது, ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்பும் கருநிற முகம்தான் முன்னதாக மறையும். 2018-இல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகியோர் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தபோது, பாலினத்தைக் கணிப்பதில் கருநிறப் பெண்களிடம் பிழை 34.7 சதவீதம் வரை போனது; வெளிர்நிற ஆண்களிடம் 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. மென்பொருளுக்குப் பயிற்சி தந்த படங்களின் சாய்வு அதற்கு முக்கியக் காரணம் எனப்பட்டது. அந்தச் சாய்வோடு, ஏற்கெனவே மணல் தூவிய நிழலாக வந்த படமும் சேர்ந்தால் என்ன ஆகும்? 2021 முதல் தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. மங்கலான படத்தில் மென்பொருள் யாரையும் கண்டுபிடிக்காமல் போவது ஓர் இழப்பு. வேறு யாரையோ கண்டுபிடித்துவிடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. நம்மில் பெரும்பாலோரின் நிறத்தை எண்ணிப் பார்த்தால் இது அடுத்தவர் கவலை அல்ல.

எல்லா இடத்துக்கும் ஒரே வடிவமைப்பு தேவையில்லை. கோயில் வாயிலுக்கும் கடை வாசலுக்கும் இரு படங்களை ஒட்டும் கேமரா பெரும்பாலும் போதும்; அங்கே மனிதர்கள் மெதுவாக வருகிறார்கள். எண் பலகையும் சிக்னலும் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரே நேரத்தில் நிரம்பும் வகைகளே வேண்டும். கூடுதல் விலையை அங்கே கொடுக்கலாம், மற்ற இடத்தில் மிச்சப்படுத்தலாம். ஒப்பந்தப்புள்ளியில் சேர்க்க வேண்டியது இரண்டே வரிகள்: வீச்சு பிக்சலிலேயே எந்த முறையில் பெறப்படுகிறது என்பதும், 60 டிகிரியில் அளந்த டெசிபலும் குறிப்பிடப்பட வேண்டும் என்பது ஒன்று, பணி வழங்கும் முன் களத்தில் நடந்து காட்டும் சோதனை என்பது மற்றொன்று. சோதனைக்கு இடம் தேடவும் வேண்டாம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்க 2023 மே மாதம் திறக்கப்பட்ட 570 மீட்டர் ஆகாய நடைபாதையின் கூரை நிழல் முடிந்து வெயில் தொடங்கும் படிக்கட்டில் ஒரு நண்பகல், உஸ்மான் சாலையில் ஓர் இரவு. தீபாவளி நெரிசலுக்காகக் கூடுதல் கேமராக்கள் வாங்கும் பருவத்துக்கு முன் இதைச் செய்து முடிக்க ஒரு வாரம்கூட ஆகாது.